இரத்ததானம்: யார் கொடுக்கலாம்?



ஆண்டுதோறும் ஜூன் 14 ஆம் நாளை உலக இரத்தக் கொடையாளர் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 2004 இல் தொடங்கிய இந்த நாள், மனித இரத்தத்தில் வெவ்வேறு பிரிவுகள் உண்டு என்பதைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனரின் பிறந்த நாள். 1868 இல் வியன்னா நகரருகே யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் 1890 இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அவருடைய கண்டுபிடிப்புக்கு முன்பு ஒருவர் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைப்பார்கள், சிலர் இறந்துபோவார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. அந்தக் காரணத்தைச் சொன்ன அவருக்கு 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் அக்டோபர் 1 ஆம் நாள் தேசியத் தன்னார்வ இரத்ததான நாளாகும். இந்த இரண்டு நாள்களிலும், தலைவர்கள், நடிகர்கள் பிறந்த நாள்களிலும் முகாம்கள் நிறையவே நடக்கின்றன. ஆனால் நோயாளிகள் நாள் பார்த்து வருவதில்லையே! கல்லூரிகள் மூடிக்கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிரசவங்கள் நடக்கின்றன, விபத்துகள் நடக்கின்றன.

கடையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நாம் இதை அடிக்கடி பார்க்கிறோம். பிரசவத்திற்குப் போன பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று தென்காசி அரசு மருத்துவமனையிலிருந்தோ, திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்தோ செய்தி வரும். கைப்பேசியில் 'அவசரம், இன்ன குரூப் தேவை' என்று ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்புவார்கள். சில சமயம் அந்தச் செய்தி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையதாகவும் இருக்கும்! யாராவது இரண்டு இளைஞர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மற்றவர்கள் நம்மிடம், "சாமி, நான் கொடுக்கலாமா? எனக்குச் சுகர் இருக்கே", "போன மாசம்தான் பல் எடுத்தேன்", "எனக்கு வயசு ஐம்பத்தஞ்சு ஆயிட்டே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். இவற்றுக்கு அரசே தெளிவான விதிமுறைகளை 2017 இல் வகுத்துத் தந்திருக்கிறது.

பதினெட்டு வயது நிறைந்தவர்கள் முதல் 65 வயது வரை உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆனால் முதல் முறையாகக் கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆகவே ஐம்பத்தைந்து வயதுக்காரர் தாராளமாக வரலாம். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் இருப்பவரிடம் 450 மில்லி வரை எடுக்கலாம். வளர்ந்த மனிதர் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறிய பங்கு என்பது புரியும். எடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாள்களிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீண்டும் ஊறிவிடும். சில மறையுரைகளில் இரத்ததானத்தைக் கல்வாரி இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பேசக் கேட்டிருக்கிறோம். நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். ஆண்டவர் திரும்பப் பெற முடியாததைக் கொடுத்தார். நாம் கொடுப்பதோ இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் தயங்குகிறோமே என்பதுதான் யோசிக்க வேண்டியது.

சர்க்கரை நோய் உள்ளவர், உணவுக் கட்டுப்பாட்டாலோ மாத்திரையாலோ அது அடங்கியிருந்து, வேறு பாதிப்பு இல்லாவிட்டால் கொடுக்கலாம். இன்சுலின் ஊசி போடுபவர் கொடுக்க முடியாது. இரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. பல் பிடுங்கியவரும் சிறு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் ஆறு மாதமும், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஓராண்டும் காத்திருக்க வேண்டும். பச்சை குத்திக்கொண்டவர்களுக்கும், காது மூக்கு குத்திக்கொண்டவர்களுக்கும், நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் ஓராண்டு. டெங்கு வந்து குணமானவருக்கு ஆறு மாதம், மலேரியாவுக்கு மூன்று மாதம், டைபாய்டுக்கு ஓராண்டு. மஞ்சள் காமாலை வந்தவர்கள் அது எந்த வகை என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; பி, சி வகை என்றால் எப்போதுமே கொடுக்க முடியாது. இதய நோய், புற்றுநோய், வலிப்பு நோய் உள்ளவர்களும் அப்படியே. குழந்தை பெற்ற தாய்மார்கள் ஓராண்டு கழிய வேண்டும், தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நாள்களிலும் வேண்டாம். இவை பொதுவான அளவுகள்தான். முடிவு சொல்வது அங்கே இருக்கும் மருத்துவர்.

இவற்றையெல்லாம் தாண்டி நம் பகுதிப் பெண்களைத் திருப்பி அனுப்புவது வேறொன்று. விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சோதிப்பார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. எத்தனையோ பெண்கள் ஆசையோடு வரிசையில் நின்று, ஒன்பது, பத்து என்று எண் வந்ததும் முகம் வாடித் திரும்புகிறார்கள். 2019-21 இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது பாதிப் பேருக்கு மேல். காலை முதல் மாலை வரை மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டு, வேலை நின்றுவிடக் கூடாதே என்று டீயைக் குடித்தே பொழுதை ஓட்டும் நம் சகோதரிகளை நாம் அறிவோம். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுபவர்களும் அவர்களே. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறைகிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். முருங்கைக்கீரைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. இரத்தம் கொடுக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் கணவரும் மாமியாரும் அந்த எண்ணைக் கேட்டு வருத்தப்பட வேண்டும். நாளை பிரசவ அறையில் முதலில் இரத்தம் தேவைப்படப்போவது அவருக்குத்தான்.

இனி உறவினர் விஷயத்துக்கு வருவோம். "சொந்த இரத்தம் இருக்கும்போது அந்நியர் இரத்தம் எதற்கு? தம்பி இருக்கான், மகன் இருக்கான், அவனிடமே எடுங்க" என்று மருத்துவமனையில் பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. பாசத்தில் பேசுவதுதான். ஆனால் மருத்துவ உண்மை இதற்கு நேர் எதிரானது. நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்தை அப்படியே ஏற்றினால், அதிலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஆபத்து உண்டு. அரிதாகவே நடக்கும், நடந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. அதனால் அத்தகைய இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். குழந்தை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவர் இரத்தம் கொடுப்பதையும் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். கணவர் இரத்தத்துக்கு எதிராக அவர் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் பின்னால் உண்டாகும் கருவைப் பாதிக்கக்கூடும். ஆகவே நோயாளிக்கு உகந்தது, முன்பின் அறியாத ஒருவர் முன்கூட்டியே கொடுத்து, சோதனையெல்லாம் முடித்துக் குளிர்பெட்டியில் தயாராக இருக்கும் இரத்தம்தான்.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியவர் யார் என்று நமக்குத் தெரியும். உறவினரல்ல, ஊராருமல்ல. அந்தச் சமாரியர் அவசரத்துக்கு அழைக்கப்பட்டு வந்தவருமல்ல.

இரத்தத்துக்கு விலை இருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பெரிய மருத்துவமனைகளின் வாசலில் இரத்தம் விற்றுப் பிழைப்பவர்கள் காத்திருப்பார்கள். பசிக்காகவும் குடிக்காகவும் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். நோயை மறைப்பார்கள், சொன்னால் அன்றைய கூலி போய்விடுமே. இந்நிலையில் 1986 இல் நம் சென்னையில்தான் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4 அன்று அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு இரத்தம் கொடுப்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

விற்பனை நின்றது. ஆனால் வேறொரு கட்டாயம் மிஞ்சியிருக்கிறது. 'உங்களுக்கு ஒரு யூனிட் தருகிறோம், பதிலுக்கு ஒருவரைக் கொண்டு வாருங்கள்' என்பது. கொண்டு வரப்படுபவர் சொந்தக்காரராகவோ நண்பராகவோ இருப்பார். அவருக்கு ஏதாவது நோய் இருந்தாலும், எல்லாரும் சூழ்ந்து நிற்கும்போது 'என்னால் முடியாது' என்று எப்படிச் சொல்வார்? ஏன் முடியாது என்று கேட்பார்களே! படிவத்தில் ஒரு பொய் எழுதுவது அவருக்கு எளிதாகிவிடும். அவருக்கே தெரியாத நோய் இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும்.

நம் பகுதிக்கு அதிகத் தொலைவில் இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். 2018 நவம்பர் 30 அன்று பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் சிவகாசி அரசு மருத்துவமனையில் உறவினர் ஒருவருக்காக இரத்தம் கொடுத்தார். அந்த இரத்தம் அந்த உறவினருக்கு ஏற்றப்படவில்லை. டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகையோடு இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த இளைஞர் 2016 இலேயே ஒரு முகாமில் இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருந்தும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? ஒளிந்துகொள்ளவில்லை. தான் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. செய்தி நாடெங்கும் பரவியது. வேதனை தாங்காமல் நஞ்சருந்திய அந்தப் பையன் அந்த ஆண்டு முடியும் முன்பே மதுரையில் இறந்துபோனார். அந்தப் பெண் 2019 ஜனவரியில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் சோதனையில் தெரிந்தது.

இதைக் கேட்டு, 'அரசு மருத்துவமனை இரத்தமே வேண்டாம்' என்று சொல்வோர் உண்டு. அது தவறான முடிவு. எடுக்கப்படும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., இரு வகைக் கல்லீரல் அழற்சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அங்கே தவறியது மனிதர்கள். நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது அந்த இளைஞரை. இந்தக் கதையில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவரே. அவருக்கு ஆறுதல் சொல்லி, 'தம்பி, நீ செய்தது சரி, இதற்கு இலவச மருந்து உண்டு, நீ வாழலாம்' என்று பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருந்திருந்தால்? எச்.ஐ.வி. தொற்றியவர்களை நாம் பேசும் பேச்சுதான் மற்றவர்களைப் படிவத்தில் பொய் எழுத வைக்கிறது. இதில் பங்கு மக்களாகிய நமக்குப் பொறுப்பில்லையா?

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொடையாளர் கையில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். பலர் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். ஆனால் சோதனைக் கருவி கண்டுபிடிக்க முடியாததை அந்தத் தாள்தான் கண்டுபிடிக்கிறது. கிருமி உடலில் புகுந்த முதல் சில நாள்கள், சில வாரங்கள் வரை எந்தச் சோதனையிலும் அகப்படாத காலம் ஒன்று உண்டு. அந்த நாள்களில் இரத்தம் கொடுப்பவர் உண்மை சொன்னால் மட்டுமே நோயாளி காப்பாற்றப்படுவார். தகாத உறவு, ஊசி வழிப் போதை, பிறர் பயன்படுத்திய ஊசி போன்ற கேள்விகள் அதில் இருக்கும். அவமானப்படுத்துவதற்காகக் கேட்பதல்ல. தனியறையில் மருத்துவரிடம் சொல்லலாம். அவர் வெளியே சொல்லக் கூடாது. நண்பர்கள் முன்னால் எழுந்து போகக் கூச்சமாக இருந்தால், கொடுத்த பிறகுகூட 'என் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்' என்று தனியாகத் தெரிவிக்கலாம். முகாம் நடத்தும் நம் இளைஞர் இயக்கத்தினரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும் திருப்பி அனுப்பப்பட்டவரிடம் 'ஏன்? என்ன ஆச்சு?' என்று துருவாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. எத்தனை யூனிட் சேர்ந்தது என்று போட்டி போடுவதையும் விட்டுவிடலாம்.

வேதம் இரத்தத்தைத் தடை செய்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். வீடு வீடாக வரும் யெகோவா சாட்சிகள் திருத்தூதர் பணிகள் 15 ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். எருசலேம் சங்கம் புதிதாக வந்த பிற இனத்தாரிடம் இரத்தத்தைத் தவிர்க்கச் சொன்னது உணவைப் பற்றியது. யூதக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்வதற்கான ஏற்பாடு. உயிர் காக்க இரத்தம் ஏற்றுவதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஒருபோதும் தடுத்ததில்லை. தவக்காலத்தில் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் வெறும் வயிற்றோடு கொடுக்கக் கூடாது. ஆகவே திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் வேண்டாம், வேறொரு நாள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் நம் தென் மாவட்டத்தில் சொல்லாமல் விட முடியாது. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிக்கொண்டு வருவதும், அதனால் அரிவாள் வரை போவதும் நமக்குப் புதிதல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாடே பார்த்தது. கோவில் திருவிழாவில் தேர் எந்தத் தெருவுக்குள் வரலாம் என்ற சண்டை நம் சபைக்குள்ளும் இருந்திருக்கிறது. இரத்தப் பையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு எண், பிரிவு, எடுத்த நாள், காலாவதியாகும் நாள் இருக்கும். கொடுத்தவர் பெயர்கூட இருக்காது. எந்தத் தெருக்காரர் இரத்தம் என்று கேட்டு ஏற்றிக்கொண்ட நோயாளியை நாம் இதுவரை பார்த்ததில்லை. பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் 'இரத்த சுத்தம்' பேசும் குடும்பமும் அந்த நேரத்தில் பிரிவை மட்டுமே கேட்கிறது. 1952 இல் மும்பையில் கண்டறியப்பட்டு 'பாம்பே குரூப்' என்று அழைக்கப்படும் மிக அரிய பிரிவினருக்கு, ஓ பிரிவு இரத்தம்கூடச் சேராது. அதே பிரிவுக்காரர் எங்கே இருக்கிறார் என்று மாநிலம் மாநிலமாகத் தேட வேண்டும். கிடைப்பவர் என்ன மொழி, என்ன மதம் என்று யார் கேட்பார்கள்?

எடுத்த இரத்தத்தை நெடுநாள் வைத்திருக்கவும் முடியாது. சிவப்பணுக்கள் 35 அல்லது 42 நாள் தாங்கும். டெங்கு காலத்தில் எல்லாரும் தேடுகிற தட்டணுக்கள் ஐந்தே நாள். ஆகவே ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டுப் பிறகு ஆறு மாதம் யாரும் வராமல் இருப்பதைவிட, மாதம் பத்துப் பேர் போவது நோயாளிகளுக்கு அதிகம் உதவும். பங்கில் ஒவ்வொரு அன்பியமும் ஆண்டில் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நான்கைந்து பேராகப் போய்வரலாம். மத்திய அரசின் இ-ரக்தகோஷ் இணையதளத்தில் எந்த இரத்த வங்கியில் எந்தப் பிரிவு இருப்பில் உள்ளது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

போகும் முன் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மது அருந்திவிட்டுப் போகக் கூடாது. ஊசி புதியது, ஒருவருக்கு மட்டுமே பயன்படுத்துவார்கள்; அதனால் கொடுப்பவருக்கு எந்த நோயும் தொற்றாது. எடுப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பிறகு கால் மணி நேரம் படுத்திருந்து, கொடுக்கும் ஜூஸையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டே எழ வேண்டும். உடனே வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அன்று வயலில் மண்வெட்டி பிடிப்பதும் மூட்டை தூக்குவதும் வேண்டாம்.

ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஜூன் 14 அன்று கொடுத்த சகோதரர் செப்டம்பர் 12 ஆம் நாளும், சகோதரி அக்டோபர் 12 ஆம் நாளும் மீண்டும் கொடுக்கத் தகுதி பெறுகிறார்கள். வீட்டு நாள்காட்டியில் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம்.